ஆறு டிரைவுக்கும் ஆஜர் சொன்னவர்

மும்பையில் ஓடுகிற மோட்டார்களில் பாதி, ஆஜர் அண்ணாச்சிக்குப் பயந்துதான் ஓடின. மீதிப் பாதியை அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

தாராவிக்காரர். கன்ட்ரோல் பேனலுக்கு ஒயரிங் செய்பவர். அதே கம்பெனியில் நான் இன்ஜினியர், அதாவது ஒயரைத் தொடப் பயப்படுகிறவன். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டிகளை ஒரே கேபிளில் கோத்து, ஒரு திரையிலிருந்து ஆட்டிவைப்பது எங்கள் தொழில். ஒவ்வொரு டிரைவுக்கும் தனி நம்பர் கொடுக்க வேண்டும். அண்ணாச்சி ஒன்றை மட்டும் ஆன் செய்து நம்பர் போடுவார். திரையிலிருந்து கூப்பிடச் சொல்வார். பதில் வந்ததும் அதன் முன்னால் கைகட்டி நின்று, அதன் சார்பில் உரக்க "ஆஜர்" என்பார். அப்புறம்தான் அடுத்தது. போனை எடுத்தாலும் ஹலோ கிடையாது, ஆஜர்தான். தாலி கட்டும்போதும் அதையே சொன்னார் என்று ஒரு வதந்தி உண்டு. கிளப்பியவன் நான்.

கோவண்டியில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை; ஆறு பெல்ட், பெல்ட்டுக்கு ஒரு டிரைவ். பதினொரு மணிக்கு முதலாளி வருவார். அவர் முன்னால் ஆறு பெல்ட்டும் ஓடாவிட்டால் நான் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று எங்கள் மேனேஜர் அன்பாகச் சொல்லியிருந்தார். முதல் டிரைவை முடித்துவிட்டு அண்ணாச்சி டீ குடிக்கப் போனார். ஒவ்வொன்றாக ஆஜர் எடுத்தால் விடிந்த மாதிரிதான் என்று நான் புத்திசாலி ஆனேன். அந்த டிரைவின் கீபேடைக் கழற்றி, அதிலிருந்த செட்டிங் முழுவதையும் மற்ற ஐந்திலும் காப்பி செய்தேன். பத்தே நிமிடம். எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

முதல் பெல்ட்டுக்கு ஸ்டார்ட் கொடுத்தேன். ஆறும் ஓடின. பெல்ட்டுகள் மேலிருந்த காலித் தட்டுகள் வரிசையாகத் தரையில் குதித்தன. திரையோ, யாருமே பதில் சொல்லவில்லை என்றது. எமர்ஜென்சி பட்டனை அழுத்தினேன் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும்; உண்மையில் அதன் மேல் விழுந்தேன். விழுந்தபடியே மனைவிக்கு போன் செய்து, செம்பூர் வீட்டைக் காலி செய்து, வாடகை குறைந்த டோம்பிவிலிக்குப் போக மனத்தைத் தயார் செய்யச் சொன்னேன்.

அண்ணாச்சி டீ கிளாஸோடு வந்தார்.

"என்னவே செஞ்சீரு?"

சொன்னேன்.

"செட்டிங்கோட நம்பரும்லா போயிருக்கும். ஆறு பயலுக்கும் ஒண்ணாம் நம்பரு. ஒருத்தனக் கூப்ட்டா ஆறு பேரும் சேந்து கத்துவானுவ. திரைக்கு என்னத்த வெளங்கும்?"

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். மணி பத்தரை.

"இன்னிக்கு மட்டும் ஆஜரை விட்டுடுங்கோ அண்ணாச்சி, நேரமாறது."

"ஆஜர்னு சொல்லவா நேரம் ஆவுது? நீரு பயப்படுததுக்குல்லாவே ஆவுது."

ஆறாவது டிரைவுக்கு அவர் ஆஜர் சொன்னபோது முதலாளி உள்ளே நுழைந்தார். தனக்குத்தான் மரியாதை என்று நினைத்து மலர்ந்துபோனார். பெல்ட்டுகள் சொன்னபடி கேட்டன. ஆனால் அவர் கூடவே வந்த எங்கள் மேனேஜரின் கண் தரையில் கிடந்த தட்டுகளுக்குப் போனது. யார் வேலை இது என்றார். அண்ணாச்சி கைகட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"என் கைதான் சார் தவறிப்போச்சு."

அன்றைக்கு ஏழாவதாக எனக்கும் அவரே பதில் சொன்னார்.

போன மழைக்காலத்தில் அண்ணாச்சி போய்ச்சேர்ந்துவிட்டார். இப்போது லேப்டாப்பைச் சொருகினால் எத்தனை டிரைவ் உயிரோடு இருக்கிறது என்று அதுவே பட்டியல் போட்டுவிடுகிறது. இருந்தாலும் நான் ஒவ்வொன்றாகத்தான் கூப்பிடுகிறேன். கடைசி நம்பரும் பதில் சொன்ன பிறகு, பேனல் கதவைச் சாத்துமுன், "அண்ணாச்சி" என்று மெதுவாக ஒரு தரம் கூப்பிடுவேன். கொஞ்ச நேரம் பார்ப்பேன். பிறகு கைகட்டி நின்று, அவர் சார்பில் நானே சொல்லிவிடுவேன், ஆஜர் என்று.