கைகட்டி சேரும் ஒரு புரியாணிப் பார்சலும்

தண்ணீரில் இறங்காமல் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர்கள் உலகத்தில் எங்காவது இருக்கலாம். கணினியில் விரல்கூடப் படாமல் கணினி படிப்பித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் மட்டக்களப்பில் இருந்தார். பெயர் கைகட்டி சேர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். சம்பளம் போடுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை.

புளியந்தீவில், ஆசிரியர்களுக்குக் கணினி பழக்கும் நிலையம் ஒன்றில் நானும் அவரும் பயிற்றுநர்கள். வருகிறவர்கள் பழகிக்கொண்டு போய்த் தங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்குக் கை நீளம். திருடன் என்று நினைத்துவிடாதீர்கள். யாராவது திரையைப் பார்த்து விழித்தால் என் கை தானாகப் போய் மவுஸைப் பிடித்துவிடும். டக் டக்கென்று நானே எல்லாம் செய்து முடித்து, "விளங்கிச்சா?" என்று கேட்பேன். "ஓம் சேர்" என்பார்கள். ஒரு மண்ணும் விளங்கியிருக்காது.

அவர் எனக்கு நேர்மாறு. வகுப்புக்குள் கால் வைத்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது கையால் வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். வகுப்பு முடியும்வரை விடமாட்டார். மூக்கில் ஈ வந்து உட்கார்ந்தால் உதட்டைக் கோணி ஊதித்தான் கலைப்பார்.

ஓட்டமாவடியிலிருந்து ரிசானா டீச்சர் வந்த முதல் நாளை என்னால் மறக்க முடியாது. மவுஸைப் பார்த்தாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும். திரையில் இருந்த அம்பைத் துரத்திக்கொண்டு போனவர் மேசையின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

"சேர், மேச முடிஞ்சி போச்சி."

"ஓம், முடிஞ்சி போச்சி. இனி என்ன செய்யலாம் எண்டு நினைக்கிறீங்க?"

டீச்சர் யோசித்தார். பிறகு எழும்பி, வயர் எட்டுமட்டும் இழுத்து, பக்கத்து மேசைக்காரரின் கொப்பியைத் தள்ளிவைத்துவிட்டு அங்கே ஓட்டத்தைத் தொடர்ந்தார். கைகட்டி சேரும் கையைக் கட்டியபடி பின்னாலேயே போனார். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. எனக்கோ கை துருதுருத்தது. வயர் மட்டும் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால் டீச்சர் கல்லடிப் பாலத்தைத் தாண்டியிருப்பார். கடைசியில் வயர் இழுபட்டு நின்றதும் அவரே மவுஸைத் தூக்கினார், நடுவில் வைத்தார், அம்பு அசையாமல் இருந்ததைக் கண்டார். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் தூக்கி வைத்துக் காட்டியிருந்தால் அந்த முகம் வந்திருக்காது.

இன்னொரு நாள் கைகட்டி சேரின் வகுப்பில் ஒரு கணினிப் பெட்டியிலிருந்து புகை கிளம்பியது. வகுப்பே எழும்பி நிற்கிறது. இவர் அசையவில்லை.

"புகை வருது. இப்ப முதல்ல செய்ய வேண்டியது என்ன? ஆறுதலா யோசிச்சிச் சொல்லுங்க."

நான் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து சுவிட்சை அணைத்தேன். அவருக்கு வந்த கோபம் புகையைவிடக் கறுப்பாக இருந்தது.

"என்ன மனுசன் நீங்க? அந்த மிஸ் சொல்ல வாய் எடுத்தவ."

"கட்டடம் எரிஞ்சிருக்கும் சேர்."

"எரிஞ்சா என்ன? இனி எந்தப் பள்ளிக்கூடத்தில புகை வந்தாலும் அவவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

இவருக்கு உண்மையில் கணினி தெரியாது, அதனால்தான் தொடுவதில்லை என்று ஊரில் ஒரு கதை உலாவியது. அந்தக் கதையை நானும் பாதி நம்பினேன். ஒரு விடுமுறை நாளில் நிலையத்தின் பெரிய கணினி படுத்துவிட்டது. பழகுகிறவர்கள் யாரும் இல்லை என்று சுற்றிப் பார்த்து உறுதிசெய்தபின் மனிதர் கைகளை அவிழ்த்தார். வாவியில் கொக்கு மீன் குத்தும் வேகம். நான் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்குமுன் கணினி எழும்பிவிட்டது. இவ்வளவு கெட்டிக்காரக் கைகளை வைத்துக்கொண்டா இந்த மனிதர் சும்மா நிற்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் பொறாமை வந்தது.

பிறகு நிலையம் மூடப்பட்டு ஆளுக்கொரு திசையாகப் போனோம். அண்மையில் ரிசானா டீச்சர் வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார். மேசை முடிஞ்சி போச்சி என்ற அதே டீச்சர், எத்தனையோ பிள்ளைகளைக் கணினிப் பாடத்தில் சித்தியடைய வைத்து, பள்ளிக்கூட அதிபராகி, ஓய்வும் பெற்றுவிட்டார். பழைய ஆட்கள் கட்டாரிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். காலை வணக்கமும் ரோசாப்பூவும் கொட்டின. ஒருநாள் எல்லோரும் சந்திப்போம் என்று முடிவானது. கைகட்டி சேரை மட்டும் காணவில்லை. அவர் இல்லாமல் என்ன சந்திப்பு?

கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கிறார் என்று விசாரித்து அறிந்து நான் தொலைபேசி எடுத்தேன். அவருடைய மனைவிதான் பேசினார்.

"அவர் வரமாட்டார் தம்பி. பாரிசவாதம் வந்து வலது கை ஏலாமப் போயிற்று. பாக்க வாற ஆக்கள் தண்ணியக்கூட வாயில வைச்சிவிடப் பாக்கிறாங்க. அதுக்குப் பயந்தே மனுசன் ஒரு கலியாண வீட்டுக்கும் போறல்ல."

அந்தக் கொக்கு வேகம் நினைவுக்கு வந்தது. அதற்குள் அவரே தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

"வாறன். ஆனா ஒரு சட்டம். ஒருத்தரும் எண்ட வேலையில கை வைக்கப்படாது. வைச்சா அடுத்த ஓட்டோவில திரும்பிருவன்."

புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி இருக்கிற என் வீட்டில்தான் சந்திப்பு. ரிசானா டீச்சர் ஓட்டமாவடியிலிருந்து புரியாணி சமைத்துக் கொண்டுவந்தார். எல்லாம் தாளில் சுற்றி இறப்பர் வளையம் போட்ட பார்சல்கள். ஒற்றைக் கையால் சேர் இதை எப்படிப் பிரிப்பார்?

"டீச்சர், சேருக்கு மட்டும் பிளேட்டில போடுவமா?"

"எல்லாருக்கும் பார்சல் எண்டா அவருக்கும் பார்சல்தான் சேர்."

ஓட்டோவில் வந்து இறங்கினார். கைகள் முதுகுக்குப் பின்னால், இடது கை வலது கையைப் பிடித்தபடி. நாங்கள் பார்த்துப் பழகிய அதே சேர். அரட்டை தொடங்கியதும் என்னைத்தான் முதலில் பிடித்தார், இன்னும் ஆட்களின் வேலையைப் பறித்துச் செய்கிறேனா என்று.

சாப்பாட்டு நேரம் வந்தது. அவர் முன்னால் பார்சலை வைத்தோம். இடது கை இறப்பர் வளையத்தோடு மல்லுக்கட்டத் தொடங்கியது. பார்சல் மேசையில் வழுக்கி வழுக்கி ஓடியது. என் கை புறப்பட்டுவிட்டது. ரிசானா டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதிபர்களுக்கென்றே உள்ள பார்வை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கம்பக்கம் பார்த்தால், கனடாக்காரர் முதல் எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

"முழங்கையால அமத்திப் பாருங்களன் சேர்," என்றார் டீச்சர், பொறுக்க முடியாமல்.

"சொல்லித் தராதீங்க டீச்சர். யோசிக்கிறன்."

யோசித்தார். பார்சலை மடியில் வைத்து, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இறுக்கி, வளையத்தை இழுத்தார். அது பறந்து வந்து என் கண்ணாடியில் அடித்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு தாளை மடிப்பு மடிப்பாகப் பிரித்து, இடது கையால் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

"நல்லா இரிக்கி. ஏன் ஒருத்தரும் சாப்பிடல்ல?"

அப்போதுதான் பார்த்தோம். ஒருவருடைய பார்சலும் பிரிபடவில்லை. புரியாணி நன்றாக ஆறிப்போயிருந்தது. அந்த ஆறின புரியாணியைத் தின்றுகொண்டே அவரை அடிக்கடி பார்த்துக்கொண்டோம். நன்றி சொல்லவென்று ஆளுக்கொரு பேச்சு ஆயத்தம் செய்து வந்திருந்தோம், ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்: நீங்கள் அன்றைக்கு வந்தது எங்களுக்குப் பெரிய காரியம் சேர்.