ஒன்பதே கால் அங்குலம்

கல்வியின் மேன்மையை எங்கள் டன்மோர் மாநிலப் பல்கலைக்கழகத்தைப் போல் உணர்ந்த நிறுவனம் இந்தப் பூமியில் வேறு இல்லை. எங்கள் கால்பந்து அரங்கில் எண்பதாயிரம் பேர் உட்காரலாம். நூலகத்தில் இருநூறு பேர். இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நூலகத்தில் இடமில்லை என்று இதுவரை ஒருவரும் திரும்பிப் போனதில்லை என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் ஓக்லஹோமாவில் கால்பந்து என்பது கையால் எறியப்படுவது. எறிகிறவருக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். எங்கள் குவாட்டர்பேக் ட்ரேஸ் ஹோல்கம். வயது இருபத்தொன்று. மூன்றாம் ஆண்டு மாணவன். ஜனவரி பதினைந்து வெள்ளிக்கிழமைக்குள் அவன் முடிவு சொல்ல வேண்டும்: தொழில்முறை அணிகள் ஆளெடுக்கும் தேர்வுக்குப் பெயர் கொடுப்பதா, இன்னும் ஓராண்டு கல்லூரியில் இருந்து ‘வளர்வதா’.

அவனுக்கு வழிகாட்ட ‘மாணவ வீரர் முழு வளர்ச்சிக் குழு’ திங்களன்று கூடியது. பயிற்சியாளர் கில்ஸ்ட்ராப், துணை முதன்மையர் டாக்டர் பாஷ் அம்மையார், டிராக்டர் வியாபாரியும் புரவலருமான லாயல் விங்கர்ட் ஆகியோர் உறுப்பினர்கள். நான் செயலாளர். வீரர்களின் படிப்பு ஆலோசகர் என்ற முறையிலும், விலங்கியல் பட்டதாரி என்ற முறையிலும் குழுவில் எனக்கு இடம் கிடைத்தது. பேசும் பொறுப்பு எனக்கு இல்லை. எழுதும் பொறுப்பு மட்டும்.

“தம்பி, அவசரப்படாத,” என்றார் கில்ஸ்ட்ராப். “நீ இன்னும் வளரணும். கையை நீட்டு.”

தொழில்முறை அணிக்காரர்கள் குவாட்டர்பேக்கின் கையை அளப்பார்கள். விரித்த கையில் கட்டை விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனி வரை. நான் எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்தேன்.

“ஒன்பதே கால் அங்குலம்,” என்றேன்.

யாரோ செத்துப்போன செய்தி வந்ததுபோல் விங்கர்ட் தொப்பியைக் கழற்றினார்.

“ஒன்பதரையாவது இல்லேன்னா எவன்டா உன்னைத் திரும்பிப் பாப்பான்? குளிர்ல பந்து வழுக்கும்னு சொல்லிடுவானுங்க,” என்றார் கில்ஸ்ட்ராப். “ஒரு வருஷம் இரு. படி. கை தானா வளரும்.”

“எனக்கு இருபத்தொண்ணு ஆச்சு கோச்.”

“அதனால என்ன? என் காது இன்னும் வளந்துக்கிட்டிருக்கு.”

டாக்டர் பாஷ் என் பக்கம் திரும்பினார். “நீதானேம்மா சயின்ஸ் படிச்சவ? சொல்லு, வளருமா?”

“எலும்போட வளர்ச்சித் தட்டு மூடினதுக்கு அப்புறம்...” என்று தொடங்கினேன்.

“பாத்தியா, சயின்ஸே சொல்லுது!” என்றார் கில்ஸ்ட்ராப்.

‘கை வளரும் வாய்ப்பு அறிவியல்பூர்வமாக விவாதிக்கப்பட்டது’ என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

ட்ரேஸ் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப படிப்பு முக்கியம்ங்கிறீங்க?”

“முக்கியமா? அதான்டா உசுரு!” என்றார் கில்ஸ்ட்ராப்.

“காசு இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். படிப்புதான் மேடை வரைக்கும் கூட வரும்,” என்றார் டாக்டர் பாஷ். எந்த மேடை என்று யாரும் கேட்கவில்லை.

“என் மக காலேஜுக்குப் போனப்பகூட நான் அழல,” என்று விங்கர்ட் கண்ணைத் துடைத்தார்.

“சரி. நான் இருக்கேன்,” என்றான் ட்ரேஸ்.

கட்டிப்பிடித்தார்கள். வறுத்த கோழியும், பெக்கன் கொட்டை வைத்துச் சுட்ட இனிப்பும் வந்தன. விங்கர்ட் இரண்டாவது துண்டை எடுக்கும்போதுதான் ட்ரேஸ் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான்.

“ஒரு சின்ன விஷயம் கோச். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எடுக்கணும். லேப் செவ்வாய், வியாழன், மத்தியானம் ரெண்டு மணிக்கு.”

பயிற்சியும் இரண்டு மணிக்குத்தான். டன்மோரில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும்.

“கெமிஸ்ட்ரி உனக்கு எதுக்கு?”

“அது இல்லாம கால்நடை மருத்துவத்துல சேத்துக்க மாட்டாங்க. மூணு வருஷம் முன்னாடி அட்மிஷன் ஃபார்ம்லயே எழுதிக் குடுத்தேன்.”

எழுதித்தான் கொடுத்திருந்தான். அதை அடித்துவிட்டுப் ‘பொழுதுபோக்கு நிர்வாகம்’ என்று எழுதியது என் அலுவலகம். கையெழுத்து என்னுடையது.

“போன மார்ச்ல எங்க பண்ணையில ஒரு மாட்டுக்கு வயித்துல கன்னு குறுக்க மாட்டிக்கிச்சு,” என்றான் ட்ரேஸ். இரண்டு வாக்கியத்துக்கு மேல் அவன் பேசி நான் கேட்டதில்லை. “மாட்டு டாக்டரோட கை பெருசு, திருப்ப முடியல. என் கை உள்ள நுழைஞ்சுது. ரெண்டும் பொழச்சுது. இந்த மாதிரி ஒரு கைக்காக இருபது வருஷமா ஏங்குறேன்னு டாக்டர் சொன்னாரு.”

“எந்தக் கைய விட்ட?” கில்ஸ்ட்ராப்பின் குரல் இறங்கியிருந்தது.

“வலது.”

“எறியற கையா?”

“ஆமா கோச். தோள்பட்டை வரைக்கும்.”

கில்ஸ்ட்ராப் உட்கார்ந்துவிட்டார். விங்கர்ட் இனிப்புத் துண்டைக் கீழே வைத்தார்.

“ஆன்லைன்ல ‘ஓய்வும் சமூகமும்’னு அருமையான பாடம் இருக்கேப்பா,” என்றார் டாக்டர் பாஷ்.

“அதை மூணு தடவை படிச்சுட்டேன் மேடம். ஒவ்வொரு தடவையும் பாடத்துக்கு வேற வேற பேரு.”

“இவனுக்குக் குடுத்தா நாளைக்கு அத்தனை பயலும் புஸ்தகம் கேப்பான்!” என்றார் விங்கர்ட். இதை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை.

அடுத்த மூன்று நாளில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ட்ரேஸ் அந்த வகுப்பில் பெயரைப் பதிந்தான். கான்சாஸிலிருந்து வேறொரு குவாட்டர்பேக் எங்கள் அணிக்கு மாறிவர விருப்பம் தெரிவித்தான். அவன் கை பத்து அங்குலம். எந்தப் பாடத்தைப் பற்றியும் அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆனால் அணியின் உதவித்தொகை இடங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. ஒன்று காலியாக வேண்டும்.

வியாழனன்று குழு அவசரமாகக் கூடியது. ட்ரேஸ் ஆய்வகத்திலிருந்து நேராக வந்தான். பாதுகாப்புக் கண்ணாடி இன்னும் தலைமேல் இருந்தது.

“எனக்கு மனசாட்சி உறுத்துதுடா,” என்றார் கில்ஸ்ட்ராப். “உன்னை இங்கயே பிடிச்சு வெச்சு உன் எதிர்காலத்தைக் கெடுக்கிறேனோன்னு ராத்திரி தூக்கமே இல்ல.”

“ஒரு பறவையை எத்தனை நாள் கூண்டுல வைக்கிறது?” என்றார் டாக்டர் பாஷ். “உதவித்தொகை வளர்ற மாணவருக்குத்தான். முழுசா வளந்தவருக்கு விதிப்படி புதுப்பிக்க முடியாது.”

“நான் எங்க மேடம் வளந்தேன்? திங்கக்கிழமைதானே கை பத்தாதுன்னீங்க?”

“அதையும் பாத்துடுவோம். ஏம்மா, அள.”

அளவுகோலை வைத்தேன். கில்ஸ்ட்ராப் என் தோளுக்கு மேல் குனிந்தார். “நல்லாப் பாத்துச் சொல்லும்மா. ஒன்பதே முக்கால்தானே?”

மூன்று பேர் என்னைப் பார்த்தார்கள். என் பணி ஒப்பந்தம் ஜூன் மாதம் முடிகிறது. ட்ரேஸ் அளவுகோலைப் பார்க்கவில்லை. அவனும் என்னைத்தான் பார்த்தான்.

“ஒன்பதே முக்கால்,” என்றேன்.

“மிஸ், மூணு நாள்ல அரை அங்குலமா?”

“அதான்டா படிப்போட மகிமை!” என்று விங்கர்ட் அவன் முதுகில் தட்டினார்.

உதவித்தொகை இல்லாமல் படிக்க வழியில்லாத ட்ரேஸ் தொழில்முறைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தான். வெள்ளியன்று பத்திரிகையாளர் முன்னிலையில் ட்ரேஸுக்குச் சிறப்பான வழியனுப்பு விழா நடந்தது. ‘முழு வளர்ச்சி பெற்ற மாணவர்’ என்று கேடயம் கொடுத்தார்கள். வகுப்பிலிருந்து அவன் பெயரை நீக்கும் படிவத்தை நானே நிரப்பினேன்.

தொழில்முறை அணிக்காரர்கள் அவன் கையை மீண்டும் அளந்தார்கள். ஒன்பதே கால். ஏப்ரலில் ஏழு சுற்றுத் தேர்வு நடந்தது. எந்த அணியும் அவன் பெயரைச் சொல்லவில்லை. ‘கல்விச் சூழலை விட்டு வெளியேறியதால் கை சுருங்கியிருக்கலாம்’ என்று எங்கள் குழு வருத்தம் தெரிவித்தது. இப்போது ட்ரேஸ் அந்த மாட்டு டாக்டருக்கு மணிக்கூலிக்கு உதவியாளாகப் போகிறான். கன்று மாட்டிக்கொண்டால் கையை விடுவது அவன். சான்றிதழில் கையெழுத்து போடுவது டாக்டர்.

ஆய்வகத்தில் எங்களுக்கு முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது இது: அளவு தவறாக வந்தால் முதலில் கருவியைச் சோதி, அடுத்து அளந்தவரைச் சோதி. எஃகு அளவுகோலை இயற்பியல் துறைக்கு எடுத்துப்போய்ச் சோதித்தேன். அதில் ஒரு மயிரிழைகூடப் பிழை இல்லை. இரண்டாவது சோதனையைக் குழு இதுவரை கோரவில்லை.

ஜூன் மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். காரணம் என்ற கட்டத்தில் டாக்டர் பாஷ் தன் கைப்பட எழுதியிருந்தார்: ‘மிகச் சிறந்த வளர்ச்சி.’