குழாயில் அடைத்த குலப்பெருமை

பிறகு ஆளுக்கொரு கதை கட்டக் கூடாது என்பதால், அன்று செங்கல்பட்டுக் கல்யாண மண்டபத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்தில் நான்கு படகு வைத்திருக்கும் தணிகைவேலாகிய நான். என் நான்கு பிள்ளைகள், பதினோரு பேரப்பிள்ளைகள். அவர்களில் ஜெயப்பிரியா கல்யாணப்பெண்; சங்கவி பல்கலைக்கழகத்தில் உயிர் அறவியல் படிப்பவள். அவளோடு படிக்கும் செய்யூர் மோசஸ். மாப்பிள்ளையின் பெற்றோர் உலகநாதன், சம்பூர்ணம். மேடையில் 'மரபணு ஞானி' ஹரிஹரன். மற்றபடி ஒரு நானூறு பேர், ஆளுக்கொரு குழாயில் துப்பிக்கொண்டு.

காலையிலிருந்து யாரும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஞானியின் உத்தரவு. வாய் காய்ந்தவர்களிடம் தொண்டர்கள் மாங்காய்ப் படத்தைக் காட்டினார்கள். விஞ்ஞானம் அவ்வளவு வளர்ந்திருந்தது.

"ஜாதகம்லாம் இன்னாத்துக்கு மாமா? எச்சிலே எல்லாத்தையும் சொல்லிடுது," என்றார் உலகநாதன். "சான்று வரட்டும், தாம்பூலம் மாத்திக்கலாம்."

சம்பந்தி எதிரில் துப்புவது எனக்கு அழகல்ல. காலையில் கிளம்புமுன் வீட்டிலேயே குழாயை நிரப்பியிருந்தேன். அப்போது சங்கவி இரண்டாவது குழாயோடு ஒரு காகிதத்தையும் நீட்டினாள்.

"இதையும் நிரப்பு தாத்தா, மோசஸ் பேர்ல குடுத்து ரெண்டும் ஒண்ணா வருதான்னு பாக்கப்போறோம். அவன் சரின்ட்டான். நீயும் சம்மதக் கையெழுத்து போடு."

"என் பேத்திக்கு நான் கையெழுத்து போடணுமா?"

"கேக்காம எடுத்தா தப்பு. ஒருத்தர் எச்சில் மொத்தக் குடும்பத்தையும் காட்டிக்குடுத்தா யார் யாரக் கேக்கணும்னு கிளாஸ்ல ரெண்டு வாரம் சண்டை போட்டோம்."

சண்டை போட எங்கள் தெருக் குழாயடி போதாதா, பல்கலைக்கழகம் எதற்கு என்று கேட்டேன். ஆனாலும் கையெழுத்துப் போட்டு அதையும் நிரப்பினேன். எந்தப் பெயரில் கொடுத்தாலும் என் எச்சில் என் பெருமையைத்தான் பேசும் என்ற தைரியம். இரண்டு மூடியையும் அவள் டேப் ஒட்டி மூடினாள்.

மண்டபத்து வாசல் மேசையில் பெயர், ஊர், 'குடும்பக் குறை' எல்லாம் எழுதிக்கொண்டார்கள். மோசஸ் கூசாமல், "கல்யாணமாயி எட்டு வருசம், புள்ள இல்ல," என்றான். அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. எங்கள் குறையை நான் சொல்லவில்லை. சம்பூர்ணம்மாள் சொன்னார்: "இவரு தங்கச்சி பானுமதி அந்தக் காலத்துலயே ஓடிப்போயி கட்டிகினவ."

மாலையில் ஞானி மைக்கைப் பிடித்தார். "தணிகைவேல் அவர்கள். ஓடுகாலி மரபணு. தொண்ணூறு சதவீதம்."

உலகநாதன் தாம்பூலத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஜெயப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். எழுபது வருடம் நிமிர்ந்தே நடந்தவன் நான். எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை.

"செய்யூர் மோசஸ் அவர்கள். வாரிசற்ற மரபணு. இந்த எச்சிலுக்கு உரியவருக்குப் பிள்ளை பிறக்காது."

சங்கவி எழுந்தாள். "ரெண்டும் எங்க தாத்தா எச்சில் சார். கையெழுத்து இருக்குது."

நானும் எழுந்தேன். "எனக்குப் புள்ள பொறக்காதா? அப்போ என் பின்னால குந்திகினு கீதே ஒரு கும்பல், அதெல்லாம் யார் வூட்டுதுய்யா?"

மண்டபம் சிரித்தது. "சாம்பிள் கலந்துபோச்சு..." என்றார் ஞானி.

"டேப் ஒட்டின குழாய் எப்பிடி சார் கலக்கும்? காட்டுங்க," என்றாள் சங்கவி.

உலகநாதன் மேடையேறி, 'ஆய்வுக்கூடம்' என்று எழுதிய பின்திரையை விலக்கினார். ஆய்வுக்கூடம் என்றால் ஒரு மீன் ஐஸ்பெட்டி. உள்ளே நானூறு குழாய்கள், மூடிகூடத் திறக்காமல். எங்கள் டேப்பும் அப்படியே இருந்தது. அவர் திரும்பி வந்து தட்டை என் கையில் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் ரத்தத்தில் குறை இருப்பது அன்று தெரிந்துவிட்டதாகவும், நான் ஆள் வைத்து அதை அமுக்கிவிட்டதாகவும் நெம்மேலி வரை பேச்சு. பொய். எங்கள் ரத்தத்தை எவனும் பார்க்கவில்லை. 'சோதித்துப் பார்த்தாயா' என்று ஞானியைக் கேட்க மண்டபத்தில் எல்லோருக்கும் வாய் இருந்தது. அதைத்தான் என்னையும் சேர்த்து அத்தனை பேரும் குழாயில் வைத்துக்கொண்டிருந்தோம்.