திருநீறு பூசிய பற்றீரியா

நெற்றியில் எவ்வளவு திருநீறு போதும் என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாமல் போனால் விஞ்ஞானமே கெட்டுப்போகும். நான் கெடுத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்மா செத்து மூன்று மாதம். புத்தூர் வீட்டில் நான் மட்டும். (ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்.) யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவும் வேலை. அங்கே போனால்தான் யாராவது என்னோடு கதைப்பார்கள். அம்மா சுட்டு வைத்த கடைசித் திருநீற்றைக் காலையில் நெற்றி முழுக்க அப்பிக்கொண்டு சைக்கிளில் ஏறுவேன்.

அங்கே ஆராய்ச்சி செய்த ரீச்சர் ஒரு பற்றீரியா வளர்த்தார். எங்களுக்குக் கொழுப்புப் போல, அதுகள் உடம்புக்குள் ஒருவகைப் பிளாஸ்ரிக்கைச் சேர்த்து வைக்குமாம். மண்ணில் போட்டால் உக்கிப்போகும் பிளாஸ்ரிக். எவ்வளவு சேர்த்திருக்கிறது என்று அளக்க வேண்டும். காய்ந்த பற்றீரியாவை முதலில் நிறுத்தார். பிறகு மருந்தில் கரைத்து, பிளாஸ்ரிக்கை மட்டும் பிரித்து, கண்ணாடித் தட்டில் காயவிட்டார்.

“தம்பி, உதிலை ஒரு தூசி விழக்கூடாது. பாத்துக்கொள்.”

“ஓம் ரீச்சர்.”

தூசிக்கு நான் கண்டுபிடித்த மூடி, என் தலை. ஒரு மணித்தியாலம் தட்டுக்கு நேர் மேலே குனிந்து நின்றேன். மருந்து மணத்தில் தலை சுற்றியது. அசையவில்லையே!

காய்ந்த பிளாஸ்ரிக்கை நிறுத்து முதல் நிறையோடு ஒப்பிட்ட ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்னடா இது? பிள்ளைத்தாச்சியை விட வயித்துக்குள்ளை கிடக்கிற பிள்ளை பாரமாம்!”

கொஞ்சம் சுரண்டி விளக்கில் காட்டினார். பிளாஸ்ரிக் உருகி எரிந்தது. வெள்ளைத் துகள் மட்டும் எரியாமல் மிஞ்சியது. அதைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார்.

“கிட்ட வா.”

விரலால் தடவினார். பொலபொலவென்று உதிர்ந்தது.

“அட பாவி! மூண்டு மாச வேலையடா!”

“என்னை நிப்பாட்டிப் போடாதேங்கோ ரீச்சர். வீட்டிலை கதைக்க ஒருத்தரும் இல்லை.”

(பொய் ஒன்றும் அந்த நேரம் வாயில் வரவில்லை.)

ரீச்சர் பற்றீரியா வளர்த்த குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“குடுவையிலை இன்னும் மிச்சம் கிடக்கு. முதல்லையிருந்து செய்வம். நாளைக்கு நெத்தியைக் கழுவிப்போட்டு வா.”

இன்றைக்கும் புதிதாக வரும் பெடியளுக்கு என்னைக் காட்டி, “உவன்ரை பற்றீரியா சுத்த சைவம்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், கால் கழுவி, அம்மாவின் திருநீற்றுத் தகரப் பேணியைத் திறப்பேன். விரல் நுனியால் தொட்டு, “இவ்வளவு போதுமோ அம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் பூசுகிறேன்.