மூக்குக்கண்ணாடிக்கு மூக்கு முளைத்தது

எல்க் பிளஃப், விஸ்கான்சின்
ஆகஸ்ட் 19

பாசமுள்ள அக்கா லூசிலுக்கு,

உன் ஒரே தம்பி ஆர்வில் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் பெர்னடினும் உயிரோடு இருக்கிறோம். அதைச் சுகம் என்று சொல்லலாமா என்பதைக் கடிதத்தை முடித்ததும் நீயே தீர்மானித்துக்கொள். அரிசோனா வெயிலில் உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதை நின்றுகொண்டு படிக்காதே. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்.

இருபத்தாறு வருஷமாக உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். சர்ச்சில் விளக்கு மாட்டப்போய் ஏணியிலிருந்து விழுந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? பின்மண்டையில் ஆறு தையல் போட்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு ஃபோனில் சொன்னேன். அது பொய். அன்றோடு என் மூக்கு செத்துவிட்டது. காப்பி, டீசல், சாணி, ரோஜா எதுவும் தெரியாது. நாக்குக்கு இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு தெரியும், அவ்வளவுதான். ருசி என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி மூக்கு பார்க்கிற வேலை என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இதை அப்போதே ஊரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் விழுந்த மூன்றாம் மாதம் நம்ம மாவட்டக் கண்காட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்து, "ஆர்வில், நீங்கதான் இனிமே கேக் போட்டிக்கு நடுவர்"னு சொல்லிட்டாங்க. பஸ் டிப்போவில் முப்பது வருஷம் கிரீஸுக்கு அடியில் படுத்துக் கிடந்தவனை முதல் தடவையாக ஊர் மதித்துக் கூப்பிடுகிறது. எப்படி முடியாது என்பேன்? பெர்னடின்தான் வழி சொன்னாள். மேஜைக்கு எதிரே அவள் நிற்பாள். அவளும் ஒரு துண்டு ருசி பார்ப்பாள். காதைத் தொட்டால் நல்ல கேக், கைப்பையைத் தொட்டால் மோசம், தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் முதல் பரிசு. நான் கண்ணை மூடி மென்று, "ம்ம்" என்று ஒரு சத்தம் விட்டு அவள் சொன்னதை எழுதுவேன். இருபத்தைந்து வருஷம் இப்படித்தான் ஓடியது, அக்கா. நீ இப்போது தண்ணீர் குடிக்கலாம்.

போன வருஷக் கடைசியில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் மூக்கு செத்தவர்கள் வேண்டும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். போனேன். சோல்வெய்க் என்று ஒரு டாக்டர் பெண், நம்ம ஊர் பால்காரர் மகள் வயசு இருக்கும், என் புருவத்துக்குப் பின்னால் அரிசி அளவு ஒரு எலக்ட்ரானிக் சில்லை வைத்துத் தைத்தாள். வெளியே போட்டுக்கொள்ள ஒரு மூக்குக்கண்ணாடி. அதன் நடுவில் பட்டாணி அளவு ஒரு கருவி. அது காற்றை முகர்ந்து சில்லிடம் சொல்லும், சில்லு மூளையிடம் சொல்லும். காதோரம் ஒரு திருகு. "மூணுல வைங்க. அதுதான் மனுஷ மூக்கு. அதுக்கு மேல திருகினா நாய் மூக்கு, நாங்களே இன்னும் முழுசா சோதிக்கல, தொடாதீங்க"ன்னா. முதல் நாள் ஒரு குப்பியைத் திறந்து காட்டினாள். "டயர் எரியுது, ஓடுங்க!"ன்னு நான் எழுந்துட்டேன். அது காப்பித்தூளாம். மூளை படிக்க மூணு வாரம் ஆகும்னா. படிச்சுது. ஒரு காலையில் நிஜமாவே காப்பி காப்பியா வாசம் அடிச்சுது. நான் கப்பைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன், வெட்கத்தை விட்டுச் சொல்றேன்.

அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிக்கல. குளியலறையில வழக்கம்போல ஷேவிங் லோஷனைக் கையில ஊத்தினேன், மயக்கமே வந்துடுச்சு. இருபத்தாறு வருஷமா வாசம் தெரியாம தினமும் ஒரு கை நிறைய லோஷன் பூசிக்கிட்டு ஊரெல்லாம் சுத்தியிருக்கேன்! "ஏன்டி சொல்லல?"ன்னு கத்தினேன். "டிப்போ டீசல் நாத்தத்துக்கு இது தேவலன்னு விட்டுட்டேன்"னு நிதானமா சொல்றா. சர்ச்சுல என் பெஞ்சுக்குப் பின்னாடி ரெண்டு வரிசை எப்பவும் காலியா இருக்கும். பாதிரியார் கோல்பெர்க் பிரசங்கம் நீளம்கறதாலன்னு நினைச்சிருந்தேன் அக்கா! அப்புறம் சமையலறை. அடுப்புக்குப் பின்னாடி ஒரு எலி செத்துக் கிடந்து நாளாச்சு. மேஜையில பால் கெட்ட வாடை அடிக்குது, இவ அதைக் காப்பியில ஊத்திக் குடிக்கிறா. "என்ன பெர்னடின், இந்த வீட்டுல எப்படி இருக்கே?"ன்னு கேட்டேன். "பழகிப்போச்சு"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. கோபம்னு நினைச்சேன்.

போன சனிக்கிழமை கண்காட்சி. காரிலேயே சொல்லிட்டேன், "இந்த வருஷம் உன் காதும் வேண்டாம், கைப்பையும் வேண்டாம். எனக்கு மூக்கு வந்தாச்சு." அவ பெருமூச்சு விட்டா. மேஜையில பதினெட்டு கேக். மூணுல வெச்சா எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு. இவ்வளவு நாள் ஊரை ஏமாத்தினதுக்கு ஒரு தடவையாவது நியாயமாத் தீர்ப்பு சொல்லணும்னு ஒரு வெறி. திருகை ஏழுக்குத் திருப்பிட்டேன்.

அக்கா, கேக் போட்டி நடக்கிற கொட்டகையோட சுவருக்கு அந்தாண்ட மாட்டுக்கொட்டகை. நாப்பது பசு, ஆறு காளை. அத்தனையும் சுவரைத் தாண்டி என் மூக்குக்குள்ள வந்து நின்னுச்சு. கண்ணுல தண்ணி கொட்டுது, முன்னாடி முந்நூறு பேர் நிக்கிறாங்க. "பாரு, ஆர்வில் ருசியில கரைஞ்சு போயிட்டார்"னு யாரோ சொல்றாங்க. நான் ஒவ்வொரு கேக்கா முகர்ந்துக்கிட்டே போறேன், எல்லாம் சாணிதான். பதினாலாவது கேக்குல மட்டும் அந்தக் காளைங்களையே முட்டித் தள்ளிக்கிட்டு இலவங்கப்பட்டை வாசம் வந்துச்சு. உயிர் பிழைச்சேன்னு அதைக் கட்டிப் பிடிச்சு, "இதுதான்! இருபத்தஞ்சு வருஷத்துல இந்த மாதிரி ஒரு கேக்கை நான் பார்த்ததில்ல!"ன்னு மைக்குல கத்திட்டேன்.

யாரும் கை தட்டல. கூட்டத்துல இருந்து பாதிரியார் மெதுவா வந்தார். முகம் வெளுத்துப் போயிருந்துச்சு. "ஆர்வில், மேஜையில ஒரு இடம் காலியா இருந்துச்சு. பார்க்க நல்லா இருக்காதேன்னு சும்மா வெச்சேன். அது பெட்ரோல் பங்க் கடையில வாங்கினது"ன்னார்.

வருஷா வருஷம் பரிசு வாங்கற மேவிஸ் ட்ரெக்ஸ்லர் மேஜையில குத்தினா. "பங்க் கேக்கா? நான் காலையில நாலு மணிக்கு எழுந்து முட்டை அடிச்சேன்யா! உங்களுக்கு மூக்கு இருக்கா இல்லையா?"

அந்த ஒரு கேள்வியிலதான் உடைஞ்சுட்டேன். ஏணியிலேருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் மைக்குலேயே சொல்லிட்டேன், காது, கைப்பை, கண்ணாடி உள்பட. முந்நூறு தலையும் ஒண்ணா பெர்னடின் பக்கம் திரும்புச்சு. அவ கைப்பையை மார்போட அணைச்சுக்கிட்டு நின்னா. மேவிஸ் ரொம்பத் தாழ்ந்த குரல்ல கேட்டா, "என் வீட்டுல பதினோரு முதல் பரிசு ரிப்பன் தொங்குது. அதையெல்லாம் இப்போ என்ன பண்றது? நாய் கழுத்துல கட்டட்டுமா?" நான் மைக்கைக் கீழே வெச்சுட்டு இறங்கிட்டேன்.

இப்போது உன் விஷயம். 2011-ல் உன் ஆப்பிள் கேக்குக்கு முதல் பரிசு கொடுத்தேனே, அந்த நீல ரிப்பனைச் சட்டம் போட்டு அரிசோனாவுக்கு எடுத்துக்கொண்டு போனாயே. திரும்பி வரும்போது காரில் அதைப் பற்றிக் கேட்டேன். பெர்னடின் கைப்பையைப் பின் சீட்டில் போட்டாள். அப்புறம், "அன்னைக்கு என் கண்ணுல பூச்சி விழுந்துடுச்சு. அதான் கண்ணாடியைக் கழட்டினேன். நான் தொட இருந்தது கைப்பையை"ன்னா. அக்கா, மன்னிச்சுடு. உன் கேக்கை நான் குறை சொல்லவே முடியாது, எனக்குத்தான் அது தெரியவே தெரியாதே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதுவும் அதே கார்ப் பயணத்தில்தான். திருகை மறுபடி மூன்றுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. காற்றில் அவள் தலைமுடி வாசம் வந்தது. சோப்பும் வேர்வையும் வேறு ஏதோ ஒன்றும். இருபத்தாறு வருஷமாக அது எனக்கு இல்லாமல் இருந்திருக்கிறது, இல்லை என்பதுகூட மறந்து போயிருந்தது. சோளக்காட்டு ஓரமாகக் காரை நிறுத்திவிட்டேன். "என்ன, எஞ்சின் கோளாறா?"ன்னு கேட்டா. ஆமான்னுட்டேன்.

ஆனாலும் முடிவு பண்ணிவிட்டேன். வியாழக்கிழமை டாக்டரிடம் போய் இதை அணைக்கச் சொல்லப்போகிறேன். நடுவர் பதவியை ராஜினாமா செய்தாயிற்று. கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. இந்த ஊரில் எனக்கு மூக்கு இல்லாதபோது மரியாதை இருந்தது, வந்ததும் அது போய்விட்டது.

உன் முழங்காலையும் உன் பூனைகளையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். மச்சானுக்கு என் வணக்கத்தைச் சொல். ரிப்பனைச் சுவரிலிருந்து கழற்றுவதும் கழற்றாததும் உன் இஷ்டம்.

தலைகுனிந்த தம்பி,
ஆர்வில் டெஷ்

பின்குறிப்பு: லூசில் அண்ணி, நான் பெர்னடின். தபாலில் போடச்சொல்லி இதை என்னிடம் கொடுத்தார், படித்துவிட்டேன். ரிப்பனைக் கழற்றாதீர்கள், மேவிஸின் கடைசி ரிப்பன்களும் அதைவிட ஒழுங்காக வந்ததில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் காய்ச்சல் வந்ததே, அதில் என் மூக்கும் போய்விட்டது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பதவியை விட்டுவிடுவார், அது ஒன்றுதான் அவருக்குச் சந்தோஷம். அப்புறம் நான் கண்ணாடியைக் கழற்றியதெல்லாம் எந்த கேக் உயரமாக இருக்கிறதோ அதற்குத்தான். மேவிஸ் கேக் எப்பவும் உயரம். வியாழக்கிழமை அணைத்துவிடலாம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். காரை ஓட்டப்போவது நான். அந்த டாக்டர் பெண்ணிடம் ஃபோனில் பேசிவிட்டேன், எனக்குப் போட இன்னொரு கண்ணாடி இருக்கிறதாம். அவர் தலைமுடி எப்படி வாசம் அடிக்கும் என்று எனக்கும் மறந்துபோச்சு.