கவரின் வலது மூலையில் என் தங்கச்சி

மட்டாஞ்சேரி,
2-1-1966

மூணாறு மலையில் கொழுந்து எடுக்கும் என் தங்கை அழகம்மாளுக்கு, அண்ணன் தங்கையா தன் சொந்தக் கையால் எழுதுவது. இங்கே நானும் உன் மதினி சுப்பம்மாளும் நலம். அங்கே குளிரும் அட்டையும் உன்னை அதிகம் கடிக்காமல் இருக்க வேண்டும்.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். முனிசிபாலிட்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், வெங்கிடராமன் மாஷ் நடத்தும் முதியோர் வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. ஒரு வரிக்கு ஒரு சாயா குடிக்கிறேன். இதை உனக்குப் படித்துக் காட்டும் நல்லசிவம் தம்பி, அடுத்த இடத்தைச் சத்தமாக வாசிக்கவும்.

அழகம்மா, கவரின் வலது மூலையைப் பார். பதினைந்து காசுப் பச்சை ஸ்டாம்பில் தேயிலை பறிக்கிறவள் நீதான். முன்பு அங்கே ராஜா தலை இருந்தது. பிறகு கோவில், நாட்டின் வரைபடம், பெரிய மனுஷர்கள். இப்போதுதான் நம் நாடு யார் என்று கேட்டால் கூடைக்காரியையும் காட்ட வேண்டும் என்று கவர்மெண்டுக்குத் தோன்றியிருக்கிறது. இந்தப் போக்கில் போனால் குப்பை வண்டி தள்ளினவனுக்கும் ஒருநாள் முறை வரும். எனக்கு ஐந்து காசு ஸ்டாம்பு போதும்.

மாஷ் ஒத்துக்கொள்ளவில்லை. “தங்கையா, இது ஒரு ஆளோட படம் இல்லை, கேட்டையா. தேசத்துக்கே பொதுவா ஒரு பொம்மனாட்டி. அஸ்ஸாம்காரியும் இவள்தான், மூணாறுகாரியும் இவள்தான்” என்றார்.

“மாஷே, பொதுவா இருக்கிறவ எப்படி மாஷே கொழுந்து கிள்ளுவா? அது எங்க வீட்டுக் கை” என்றேன்.

உன் மதினி வாங்கிப் பார்த்துவிட்டு, “உங்க தங்கச்சியா? அவ மூக்கு இந்தக் காகிதத்துக்குள்ள அடங்காதே” என்றாள். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஏழு வருடத்துக்கு முன் என் மகள் கல்யாணத்தில், போட்டோ எடுக்கும்போது உன்னைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உன் சாயம் போன சேலை எனக்குக் கூச்சமாக இருந்தது. போட்டோ வந்தபோது உன் தோள் மட்டும் இருந்தது. அன்று போனவள் இன்னும் மலையிறங்கவில்லை. நான் ஓரத்தில் தள்ளிய முகத்தை நாடே எடுத்து ஒட்டிக்கொள்கிறது. தப்பு என்னுடையது. வாயால் சொல்ல வராததைக் கையால் சொல்லத்தான் எழுத்துப் படித்தேனோ என்னவோ. பொங்கலுக்கு வா. அதே சேலையில் வா.

மலைக்காற்று உன் நெஞ்சில் ஏறாமல் இருக்கட்டும். கூடை நிறையட்டும்.

உன் அண்ணன்
தங்கையா

பின்குறிப்பு: கவரின் வலது மூலையில் எதையும் தேடாதே. ஸ்டாம்பை ஒட்டிக்கொண்டு போய்க் கவுண்டரில் கொடுக்கும்போதுதான் பார்த்தேன், உள்ளே ஒருவர் ஒவ்வொரு ஸ்டாம்பின் மேலும் கரி முத்திரையை ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டிருந்தார். “என் தங்கச்சி முகத்துல மட்டும் மெல்லக் குத்துங்க, சேட்டா” என்றேன். “இவிடே எல்லாத் தங்கச்சிக்கும் ஒரே குத்துதான், சேட்டா” என்றார். கவரைத் திருப்பி வாங்கி வந்து, தண்ணீரில் நனைத்து உன்னை உரித்து, சோற்றுப் பருக்கை தடவிக் கல்யாணப் போட்டோவில் உன் தோளுக்கு மேலே ஒட்டிவிட்டேன். கச்சிதமாக இருக்கிறது. அதனால் இந்தக் கடிதம் ஸ்டாம்பு இல்லாமல் வருகிறது. தபால்காரர் உன்னிடம் இரட்டிப்பாக முப்பது காசு வாங்காமல் விடமாட்டார். அந்தக் கோபத்திலாவது புறப்பட்டு வா.