மாமிக்கு மீன் சந்தை காட்டிய கதை

திருகோணமலைக்காரருக்கு மீனைப் பற்றி எல்லாம் தெரியும் என்று வெளியூர்ச் சனம் நம்புகிறது. அந்த நம்பிக்கையைக் கெடுக்க எங்கள் ஊரில் யாருக்கும் மனம் வராது. எனக்கும் வரவில்லை. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

உண்மையை இப்போதாவது எழுதிவிடுகிறேன். உவர்மலையில், யன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரிகிற வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, கல்யாணம் முடிக்கும் வரை அறக்குளா மீன் எது, பாரை மீன் எது என்று தெரியாது. எங்கள் வீடு சுத்த சைவம். கடலைப் பார்த்துக்கொண்டே கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவள் நான்.

சுதனும் நானும் சீனன்குடாவில் ஒரே இடத்தில் வேலை செய்தபோது பழகி, கல்யாணம் முடிப்பது என்று தீர்மானித்தோம். சுதனின் பெற்றோர் முப்பது வருடமாகக் கண்டியில் இருக்கிறார்கள். ஆனால் அவருடைய அம்மா, அதாவது என் மாமி, யாழ்ப்பாணத்துக் கடற்கரைப் பக்கம் பிறந்தவர். கண்டிக்கு வந்து சேருகிற மீனைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்தவர். மகனுக்குத் தன் ஊரில் பெண் எடுக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். அப்படிப்பட்டவர் முதல் முதலாக என்னோடு போனில் கதைத்தபோது, குலம் கேட்கவில்லை, படிப்புக் கேட்கவில்லை.

“பிள்ளைக்கு மீன் பாத்து வாங்கத் தெரியுமோ?” என்று கேட்டார்.

“ஓம் மாமி. சந்தையில எல்லாருக்கும் என்னைத் தெரியும்.”

(ஏன் அப்படிச் சொன்னேன்? இன்றைக்கும் தெரியாது. ‘தெரியாது மாமி’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.)

ஒரு கிழமையில் சம்மதம் வந்துவிட்டது. “அம்மாவுக்கு உம்மை நல்லாப் பிடிச்சிட்டுது. மீன் கதையோட எல்லாம் சரி” என்றார் சுதன். நான் என்ன சொன்னேன் என்று கேட்டறிந்ததும் அரை மணித்தியாலம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, “விடும், கண்டி தூரம்தானே” என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் குசினி நடைமுறை இதுதான்: வாசலுக்கு வருகிற மீன்காரரிடம் வாங்குவது சுதன், வெட்டுவது சுதன், சமைப்பதும் சுதன். போர்டிங்கில் இருந்த காலத்தில் பழகிய கை. படம் எடுத்து மாமிக்கு வட்சப்பில் அனுப்புவது மட்டும் நான். ‘இண்டைக்கு விளைமீன் மாமி’, ‘இண்டைக்கு ஒட்டி மீன் மாமி, துள்ளத் துள்ள வாங்கினது.’ மாமி அதை அப்படியே கண்டியில் இருக்கிற தன் சிநேகிதிகளுக்கு அனுப்பிவிடுவார். என் புகழ் கண்டி மலையேறிக்கொண்டிருந்தது.

ஒரு வருடம் கழித்து மாமாவும் மாமியும் எங்களைப் பார்க்க வந்தார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து, ஞாயிறு பின்னேரம் திரும்புவதாகத் திட்டம். கந்தளாயில் இறங்கித் தயிர்ச் சட்டிகளும் வாங்கிக்கொண்டு, வாடகை வான் வண்டியில் வந்து சேர்ந்தார்கள். விடியவே எழும்பிச் சுதன் சமைத்து வைத்த பாரைக் குழம்பை நான் பரிமாறினேன். மாமி கண்ணை மூடிச் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து கதிரையில் இருந்ததும் சொன்னார்:

“நாளைக்கு விடிய மீன் சந்தைக்குப் போவம். உங்கட சந்தையைப் பற்றி ஒரு வீடியோ பாத்தனான். கடவுளே, என்ன மீன்!”

கையிலிருந்த தயிர்ச் சட்டியை அப்படியே கீழே வைத்தேன். நல்ல வேளையாக மாமா இருந்தார்.

“நாளைக்குக் கோணேசர் கோயில். கோயிலுக்குப் போற நாளில மீன் சந்தையோ? கால் வைக்க ஏலாது” என்றார்.

“மாமா சொல்லுறதுதான் சரி!” என்றேன். அத்தனை வருடம் அந்த ஊரில் இருந்தும் எனக்கு ஏற்படாத சிவபக்தி அந்த ஒரு நிமிடத்தில் ஏற்பட்டது. விடியற்காலைப் பூசையின் அழகு, மலையுச்சிக் காற்று, கீழே தெரிகிற கடல் என்று நான் வர்ணித்த வர்ணனையில் மாமாவே கொஞ்சம் பயந்துவிட்டார். சந்தை ஒரே சேறு, வழுக்கும், மாமிக்கு முழங்கால் நோ வேறு என்றும் சேர்த்தேன். அதெல்லாம் போதாதென்று, ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் அவ்வளவு நல்லதில்லை என்றும் சொன்னேன். (மீனுக்கு ஞாயிறு, திங்கள் தெரியுமா என்று சுதன் மெல்லக் கேட்டார். காலை மிதித்தேன்.)

மாமி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“எனக்கு மீன் வேண்டாம் பிள்ளை. நீங்கள் அந்தச் சந்தையில நிண்டு மீன் பாக்கிறதை ஒருக்காக் கண்ணால பாக்கோணும். கண்டியில எல்லாரிட்டையும் சொல்லி வைச்சிருக்கிறன், என்ர மருமகளைக் கண்டா மீன்காரர் எழும்பி நிப்பினம் எண்டு.”

அதற்குப் பிறகு என்ன சொல்வது? சந்தைக்குப் போவது என்று முடிவாயிற்று. கோயில் மத்தியானப் பூசைக்கு ஒத்திவைக்கப்பட்டது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு பேப்பர் படித்தார்.

அன்று பின்னேரம் தேங்காய் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் நேரே சந்தைக்குப் போனேன். ஊரில் பிறந்து அன்றுதான் முதல் தடவை. வியாபாரம் முடிந்து, பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பலகையில் என் வயதுள்ள ஒருவர் நின்றார். பெயர் றபீக்; எல்லாருக்கும் ‘நானா’, அதாவது அண்ணன். குறிஞ்சாக்கேணியில் இருந்து வருகிறவர். முகத்தைப் பார்த்தால் இரக்கமுள்ள ஆளாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆபத்தாக முடிந்தது. அவர் விஷயத்தை மிகவும் பாரமாக எடுத்துக்கொண்டார்.

“நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க தங்கச்சி. என்ட பலகையில இடப்பக்கம் முதலாவதா நல்ல அறக்குளா ஒண்டு வைக்கிறன். நேர அதுக்கிட்ட வாங்க. கண்ணப் பாருங்க மாமி, கண்ணாடி மாதிரி இரிக்கி எண்டு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறன்.”

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ‘கண்ணைப் பாருங்கோ மாமி.’ கையை இப்படி நீட்டுவதா, அப்படி நீட்டுவதா? தலையைக் கொஞ்சம் சரித்தால் நல்லாயிருக்குமா? சிக்னல் இல்லாத சந்தியில்கூட நிறுத்தி நிறுத்தி ஒத்திகை பார்த்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமி சொன்னார்: “பிள்ளை, சந்தை வேண்டாம். இவருக்குக் காலமைப் பூசைதான் பார்க்கோணுமாம். பாவம், விடுவம்.”

அந்த இடத்திலேயே கடவுளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். புத்தியுள்ள எவளும் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் எனக்குள் ஒரு நடிகை முழித்துவிட்டிருந்தாள். கூட்டத்துக்கு நடுவே நான் மீனைக் கைகாட்டுகிறேன், மீன்காரர் எழும்பி நிற்கிறார், மாமி வாயில் கைவைத்துப் பார்க்கிறார். இந்தக் காட்சியை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

“அதெப்படி மாமி? இவ்வளவு தூரம் வந்திட்டுச் சந்தை பாக்காமல் போறதோ?” என்றேன்.

சுதன் என்னைத் திரும்பிப் பார்த்தார். “மத்தியானம் வேண்டாம் எண்டனீர்?”

“அது மத்தியானம்.”

“முழங்கால் நோ?”

“மெல்லமா நடப்பம்.”

மாமாவுக்கும் ஒரு வழி வைத்திருந்தேன். விடிய ஐந்தரைக்கே சந்தைக்குப் போவது. மீனை வீட்டில் இறக்கிவிட்டுக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்த் தலை முழுகுவது. சுத்தமாகக் கோயிலுக்குப் போவது. மீன் குழம்பு கண்டிக்குப் போகும், அடுத்த நாள் சாப்பிடலாம். மாமா நீண்ட நேரம் யோசித்து, குற்றம் கண்டுபிடிக்க முடியாமல் சரி என்றார். மாமி என் தலையைத் தடவி, “மருமகள் எண்டா இது” என்றார். என் குழியை இவ்வளவு ஆசையாக நானே வெட்டினேன்.

விடிய, சந்தை வாசலில் காலை வைத்த உடனேயே முதல் குரல் கேட்டது.

“வாங்க தங்கச்சி! எங்க ரெண்டு கிழமையா காணல்ல?”

நான் முன்பின் கண்டிராத ஆள். மாமி பெருமையோடு மாமாவைப் பார்த்தார். இரண்டடி போனோம். “மிஸ்ஸுக்கு வழி விடுங்கப்பா!” என்றார் நண்டுக்காரர். அடுத்தவர் சாரத்தை இறக்கிவிட்டு எழும்பியே நின்றார். அப்போதுதான் விளங்கியது: றபீக் நானா சந்தை முழுவதற்கும் சொல்லி வைத்திருக்கிறார். எல்லாரும் ஆளுக்கொரு வசனம் வைத்திருந்தார்கள்.

“போன மாசம் பழுதான பாரை எண்டு என்ட முகத்துக்கு நேர ஏசினாங்க. அவங்க சொன்னா சரியாத்தான் இரிக்கும்” என்று ஒருவர் மாமாவிடம் முறையிட்டார். மாமா என்னை மரியாதையோடு பார்த்தார். எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

அதுவரைக்கும் சரி. ஐஸ் பெட்டி சுமந்துகொண்டு வந்த ஒருவர், தனக்கு மட்டும் வசனம் இல்லையே என்று நினைத்தாரோ என்னவோ, நின்று நிதானமாகக் கேட்டார்:

“மகன் சுகமா இரிக்கிறாரா மிஸ்? பள்ளிக்கூடம் சேர்த்திட்டீங்களா?”

கல்யாணமாகி ஒரு வருடம். மாமி நின்றுவிட்டார். மாமா நின்றுவிட்டார். சுதன் இருமத் தொடங்கினார்.

“எந்த மகன்?” என்றார் மாமி.

“உங்கட மகனைத்தான் மாமி சொல்லுறார்” என்று சுதனைக் காட்டினேன்.

“என்ர மகனை ஏன் பள்ளிக்கூடத்தில சேர்க்கோணும்?”

இனி நின்றால் கெட்டுவிடும் என்று மாமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு றபீக் நானாவின் பலகைக்குப் போனேன். அவர் வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை வாரி, மாப்பிள்ளை மாதிரி நின்றார். இடப்பக்கம், முதலாவது. மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டேன். ஒத்திகையில் பார்த்தபடி முகத்தை மாமியின் பக்கம் வைத்து, தலையைச் சரித்து, பார்க்காமலே இடது கையை நீட்டினேன்.

“இந்த அறக்குளாவைப் பாருங்கோ மாமி. கண்ணைப் பாருங்கோ, கண்ணாடி மாதிரி!”

சந்தை அமைதியாயிற்று. மாமி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

“பிள்ளை, இது திருக்கை” என்றார் மெதுவாக. “மல்லாத்திக் கிடக்குது. நீங்கள் கண் எண்டு காட்டுறது மூக்கு.”

திரும்பிப் பார்த்தேன். அகலமாக, வெள்ளையாக, ஒரு திருக்கை மல்லாந்து கிடந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு வாய். வாய்க்கு மேலே இரண்டு துவாரம். அறக்குளா பலகையின் மற்றத் தொங்கலில், என் வலப்பக்கக் கோடியில், அழகாக, நீளமாக, கண்ணாடிக் கண்ணோடு கிடந்தது. இடப்பக்கம் என்று றபீக் நானா சொன்னது பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கிற அவருடைய இடப்பக்கம்.

“தங்கச்சி பகிடிக்குச் சொல்றா!” என்று றபீக் நானா கடைசியாக ஒரு முயற்சி செய்தார். ஆனால் நண்டுக்காரரால் அடக்க முடியவில்லை. அவர் சிரித்ததும் சந்தை முழுவதும் சிரித்தது. ஐஸ் பெட்டிக்காரர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “மாமி, எனக்கு மீனைப் பற்றி ஒண்டும் தெரியாது. நான் சந்தைக்கே வாறேல்லை. வாங்கிறது, வெட்டுறது, சமைக்கிறது எல்லாம் இவர்தான். நான் படம் மட்டும்தான் எடுக்கிறனான்.”

மாமி என்னை விட்டுவிட்டு மகனைப் பார்த்தார்.

“நீயோ? நேற்றைய குழம்பும் நீயோ?”

“ஓம் அம்மா.”

“கண்டியில ஒரு நாளாவது எனக்கு ஒரு தேத்தண்ணி வைச்சுத் தந்தனியோ நீ?”

சுதன் திருக்கையைப் பார்த்தார். மாமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகை பலகையாகப் போனார். செவுளைத் தூக்கிப் பார்த்தார், விரலால் அமத்திப் பார்த்தார், மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். ஒரு பலகையில் அவர் போட்ட சத்தத்துக்குச் சந்தையே இரண்டாம் முறை அமைதியாயிற்று. இந்த முறை உண்மையான மரியாதையில். முழங்கால் நோ எங்கே போனதோ தெரியவில்லை. அந்த அறக்குளாவையும் இரண்டு கிலோ கணவாயையும் தூக்கி மகன் கையில் கொடுத்து, “வீட்டுக்குப் போய் வெட்டிச் சமைச்சு வை. உனக்கு இண்டைக்குக் கோயில் இல்லை” என்றார்.

மீனையும் சுதனையும் வீட்டில் இறக்கிவிட்டு, வான் கன்னியாவுக்குப் புறப்பட்டது. மாமா இரண்டு தரம் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அங்கே மாமியும் நானும் கிணற்றடியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று அள்ளி ஊற்றினோம். மூன்றாவது கிணற்றுத் தண்ணீர் நல்ல சூடு. என் வெட்கத்தைக் கழுவ அந்தச் சூடு போதாது போலிருந்தது.

“பிள்ளை, என்னை என்னெண்டு நினைச்சனீங்கள்? மீன் தெரியாட்டி மகனைத் தரமாட்டன் எண்டோ?”

“ஓம் மாமி.”

மாமி இன்னொரு வாளி அள்ளித் தலையில் ஊற்றினார்.

“அப்ப தந்திருக்க மாட்டன்தான்” என்றார்.

“இப்ப?”

“இப்ப என்ன செய்யிறது? கோயிலுக்குப் பிந்துது. தலையைத் துடையுங்கோ.” சொல்லிவிட்டு, நான் துடைப்பது போதாதென்று துவாயை வாங்கித் தானே துடைத்துவிட்டார். கொஞ்சம் பலமாகத்தான் துடைத்தார்.

அடுத்த நாள் கண்டியிலிருந்து போன் வந்தது. குழம்பில் புளி கொஞ்சம் கூடிவிட்டதாம், மற்றப்படி நல்லாயிருந்ததாம், அதைச் சுதனிடம் சொல்லவேண்டுமாம். சிநேகிதிகளிடம் என்ன சொன்னார் என்று பயந்து பயந்து கேட்டேன். “உள்ளதைச் சொன்னனான். என்ர மகன் மீன் வெட்டிச் சமைப்பான், உங்கட மகன்மார் செய்வினமோ எண்டு கேட்டனான். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை” என்றார். இப்போது நாங்கள் கண்டிக்குப் போனால் சுதன் நேரே குசினிக்குள் போகவேண்டும். மாமி பக்கத்தில் நின்று குற்றம் சொல்லுவார். நான் முன் விறாந்தையில் மாமாவோடு இருந்து கதைத்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் மாமா பழைய கார் ஒன்று பார்த்துவிட்டு வந்தார். என்ஜின் புதுசு மாதிரி, சத்தமே இல்லை, இப்படி ஒன்று கிடைக்காது என்று ஒரு மணித்தியாலம் விளக்கினார். மாமி குசினிக்குள் இருந்தபடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

“நீங்கள் பாத்தது கண்ணையோ, மூக்கையோ?”

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு, காரை இன்னொரு தரம் பார்த்துவர வெளிக்கிட்டார்.